அடைச்ச வாசலுக்கு ஒரு மனு

சார், பேனா வெச்சிருக்கீங்களா? சட்டைப் பையில மூடி தெரியுது, அதான் கேட்டேன். நீங்க ஜன்னல் ஓரமாவே இருங்க, எழுத வெளிச்சம் வேணும். பேப்பர் நான் கொண்டாந்திருக்கேன், பேரன் நோட்டுல கிழிச்சது. ஒரு மனு எழுதணும். கலெக்டர் ஆபீசுக்குத்தான் போறேன். இன்னைக்குத் திங்கக்கிழமை, மனு வாங்கற நாள் இல்லையா.

அங்க புங்கமரத்தடியில மனு எழுதித் தர்ற ஆள் இருக்கான், தெரியும். போன வாரம் அவன்கிட்டதான் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள 'பட்டாவா, பென்ஷனா'ன்னான். ரெண்டும் இல்லப்பா, வாசல்னேன். 'வாசலுக்கெல்லாம் இங்க மனு வாங்க மாட்டாங்க பெரியவரே'ன்னுட்டு எனக்குப் பின்னாடி நின்ன பொம்பளையைக் கூப்பிட்டான். வந்த கோபத்துக்கு அடுத்த பஸ்ஸுலயே திரும்பிட்டேன். நான் அஞ்சாவது வரைக்கும் போனவன். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். மனுவெல்லாம் வராது. ஆனா காது நல்லா கேட்கும். ஒருத்தன் பேசறதுல எந்த இடத்துல பொய் இருக்குன்னு என் காது சொல்லிடும்.

எழுதுங்க. புளியரம்பட்டு, கன்னியப்பன், வயசு எழுபத்து மூணு. தகப்பனார் பேரு தாண்டவக் கொத்தனார். அப்பா பேரைக் கொஞ்சம் பெருசா எழுதுங்க. அதுக்காகத்தான் இந்த மனுவே.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு வாசலை அடைச்சுட்டாங்க சார். எங்கப்பா தன் கையால வெச்ச வாசல். அறுபது வருஷத்துக்கு மேல நின்ன வாசல். செங்கல்லை அடுக்கி, சிமெண்டைப் பூசி, மேல வெள்ளையும் அடிச்சு, அப்படி ஒண்ணு இருந்த சுவடே தெரியாம பண்ணிட்டா அந்த ஹெட்மிஸ்ட்ரஸ். என்னை ஒரு வார்த்தை கேட்கல. இப்ப கட்டடத்துக்கு நூறு வருஷம்னு விழா எடுக்கறாங்க. வாசல்ல கல்வெட்டு வெக்கறாங்க. இடம் கொடுத்த மணியக்காரர் பேரு இருக்கு. வந்த போன வாத்தியாருங்க பேரு இருக்கு. போன வருஷம் ரெண்டு ஃபேன் வாங்கிக் கொடுத்தானே ஒருத்தன், செங்கல் சூளைக்காரன், அவன் பேரு கூட இருக்கு. தாண்டவக் கொத்தனார் பேரு இல்ல. வாசலும் இல்ல, பேரும் இல்ல. ஃபேன் நின்னு போனா காத்து வராது, அவ்வளவுதான். எங்கப்பா இல்லன்னா அங்க பள்ளிக்கூடமே இருந்திருக்காது.

முதல்லேருந்து சொல்றேன். நீங்க வேணுங்கறதை மட்டும் எழுதிக்கோங்க. இல்ல, வேணாம். எல்லாத்தையும் எழுதுங்க. நான் சொல்ற மாதிரியே எழுதுங்க. நீங்களா எதையும் சேர்க்கவும் வேணாம், அழகு பண்ணவும் வேணாம்.

அது கருங்கல் கட்டடம். வெள்ளைக்காரன் காலத்துல கட்டினது. ஊருக்கு மேற்கால ஒரு பாறைக் குன்று உண்டு, அங்க உடைச்ச கல்லு. சுவர் ரெண்டடி கனம். சித்திரை வெயில்ல உள்ள நுழைஞ்சா ஏரித் தண்ணியில காலை வெச்ச மாதிரி இருக்கும். எங்க தாத்தா அதுல கட்டுவேலை செஞ்சிருக்காரு. கல்லு உடைச்சது, தலையில தூக்கிட்டு வந்தது, சுண்ணாம்பு அரைச்சது எல்லாம் காலனிக்காரங்க. அதை நான் மறைக்கல. அப்ப காலனின்னு பேரு இல்ல, வேற பேரு, விடுங்க. கட்டடத்தோட முகம் ஊரைப் பார்த்து இருக்கும். முதுகு அவங்க தெருவைப் பார்த்து இருக்கும். கட்டறப்பவே அப்படித்தான் கட்டினாங்க.

கட்டி முடிச்சு முப்பது வருஷத்துக்கு மேல அவங்க பிள்ளைங்க யாரும் உள்ள வரல. வரலன்னா, வர விடல. அதையும் நான் மறைக்கல. அன்னைக்கு இருந்த காலம் அப்படி.

தம்பிக்கு எந்த ஊரு? அப்படியா. அங்க நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. அந்த ஊர்ல எந்தத் தெரு? ... இந்த பஸ் சத்தத்துல ஒண்ணும் கேட்க மாட்டேங்குது. சரி, எழுதுங்க.

அப்புறம் மேலேருந்து உத்தரவு வந்துச்சு. எல்லாப் பிள்ளைங்களையும் சேர்த்தாத்தான் பள்ளிக்கூடம், இல்லன்னா மூடிட்டுப் போங்கன்னு. நான் அப்ப மூணாவது. ஊர்ல அஞ்சு நாள் கூட்டம் போட்டாங்க. பாதிப் பேரு பள்ளிக்கூடமே வேணாம், பிள்ளைங்க மாடு மேய்க்கட்டும்னாங்க. பாதிப் பேரு படிப்பு வேணும், ஆனா தங்கள் பிள்ளை மிதிக்கற படியை அவங்க மிதிக்கக் கூடாதுன்னாங்க. அஞ்சாவது நாள் அண்ணன் தம்பிக்குள்ளயே கைகலப்பு ஆகுற நிலைமை. அப்ப எங்கப்பா எழுந்திருச்சாரு. அவரு கூட்டத்துல பேசற ஆளே இல்ல. வெத்தலையைத் துப்பிட்டு வந்து நின்னு சொன்னாரு.

"வாசல்தானே பிரச்சனை? இன்னொரு வாசல் வெச்சுடறேன்."

அவ்வளவுதான் தம்பி. அஞ்சு நாளா முடியாதது அந்த ஒரு பேச்சுல முடிஞ்சுது. அவங்களுக்கும் படிப்பு ஆச்சு, இவங்களுக்கும் மனசு ஆறுச்சு. இப்படி ரெண்டு பக்கமும் நோகாம ஒரு வழி சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

பின்சுவர்ல ஒரு ஜன்னல் இருந்துச்சு. அப்பா அந்த ஜன்னல் கம்பியைப் பிடுங்கிட்டு, கீழ இருந்த சுவரை மட்டும் தரை வரைக்கும் உடைச்சு எடுத்தாரு. ஜன்னல் வாசல் ஆயிடுச்சு. மேல பாரம் தாங்கற பலகைக்கல்லைத் தொடவே இல்ல. ரெண்டடி கனத்துக் கல்சுவரை அப்படி உடைக்கறது லேசுப்பட்ட வேலைன்னு நினைச்சுடாதீங்க. ஒரு கல்லைத் தப்பா உருவினா மேல இருக்கற பாரம் மொத்தமும் தலையில இறங்கிடும். பன்னெண்டு நாள் வேலை. இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் விழல. ஒரு தடவை இன்ஜினியர் ஒருத்தர் வந்து தட்டிப் பார்த்துட்டு, யாருய்யா இந்த வேலை செஞ்சதுன்னு கேட்டாரு. அங்க நின்னவன் எவனும் வாயைத் திறந்து அப்பா பேரைச் சொல்லல.

உயரமா? நாலரை அடி இருக்கும். சின்னப் பிள்ளைங்கதானே வரப் போறது. கொஞ்சம் வளர்ந்த பசங்கன்னா தலையைக் குனிஞ்சு வரணும்.

ஏன், உயர்த்தி வெக்க முடியாதாங்கறீங்களா? எங்கப்பாவுக்கு முடியாததா? பலகைக்கல்லை ரெண்டடி மேல ஏத்திடறேன்னுதான் முதல்ல சொன்னாரு. பெரியவங்கதான் வேணாம்னாங்க. 'குனிஞ்சு வந்தா என்ன, குறைஞ்சா போயிடுவாங்க'ன்னு மணியக்காரர் கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு. அதை எழுத வேணாம். எழுதிட்டீங்களா? சரி, இருக்கட்டும்.

இதை மட்டும் நல்லா எழுதுங்க. வேலை முடிஞ்ச அன்னைக்கு வாசலுக்கு மேல பூசின சுண்ணாம்பு ஈரமா இருந்துச்சு. அப்பா தன் வலது கையை அதுல அப்படியே அழுத்தினாரு. அஞ்சு விரலும் பதிஞ்சுது. ஆள்காட்டி விரல்ல ஒரு கணு இருக்காது அவருக்கு, கல்லு நசுக்கினது. அந்தக் குறையும் அப்படியே பதிஞ்சுது. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வெளிப்பக்கத்துல, காலனியைப் பார்த்த பக்கத்துல. எங்கப்பாவுக்கு போட்டோ கிடையாது தம்பி. என் கல்யாணத்துல எடுத்துடலாம்னு இருந்தோம், அதுக்கு முந்தின மாசம் சாரத்துலேருந்து விழுந்து போயிட்டாரு. இந்த உலகத்துல அவரு இருந்தாருங்கறதுக்கு அந்தக் கை ஒண்ணுதான் சாட்சி. அதைத்தான் அவ பூசி மூடிட்டா. எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

வாசல் வெச்ச பிறகு ஒரு சண்டை இல்ல. ஒரே கூரை, ஒரே வாத்தியார், ஒரே பாடம். வாசல்தான் வேற. அவங்க பின்னாடி உட்காருவாங்க, நாங்க முன்னாடி உட்காருவோம். அதுல வந்து படிச்சவங்கள்ல போலீஸ் ஆனவன் இருக்கான், பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கறவங்க இருக்காங்க. பின்னாடி காலத்துல அந்தப் பிள்ளைங்களும் முன்வாசல்லயே வர ஆரம்பிச்சுதுங்க, யாரும் தடுக்கல. ஆனா வாசல் அது பாட்டுக்கு இருந்துச்சு. ஓட்டுப் போடப் போறப்ப உள்ளேருந்து பார்ப்பேன். மேல்கல்லோட அடிப்பக்கம் அத்தனை தலையும் உரசி உரசி, எண்ணெய் ஏறி, கருகருன்னு வழவழன்னு இருக்கும். கர்ப்பகிரகத்துக் கல்லு மாதிரி. அதைப் பார்க்கறப்ப எனக்கு அப்படி ஒரு பெருமை.

ஏன், அந்த ஹெட்மிஸ்ட்ரஸே அதுல வந்தவதான். பேரு பூங்காவனம். என்கூட மூணாவது படிச்ச காசியம்மாவோட பொண்ணு. காசியம்மாவைப் பத்திச் சொன்னாத்தான் எங்கப்பா எப்படிப்பட்ட மனுஷன்னு உங்களுக்கு விளங்கும்.

வாசல் வெச்ச அதே வருஷம், ஐப்பசி மழை. கதவு வேப்பமரம். சரியாக் காயாத மரத்துல அவசரமாப் போட்டது. மழையில ஊறி உப்பிப் போயி நிலையில இறுகிக்கிச்சு. வாத்தியார் உள்ளேருந்து இழுக்கறாரு, அசைய மாட்டேங்குது. வெளிய பதினோரு பிள்ளைங்க. சிலேட்டைத் தலையில கவுத்துக்கிட்டு நிக்குதுங்க. கதவு இடுக்குல அவங்க காலு மட்டும் எங்களுக்குத் தெரியுது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, 'டேய் கன்னியப்பா, ஓடிப் போயி உங்கப்பனைக் கூட்டிட்டு வாடா'ன்னாரு. ஓடினேன் தம்பி. கொட்டற மழையில ஏரிக்கரை வரைக்கும் ஓடினேன். அப்பா மதகு வேலையில இருந்தாரு. விஷயத்தைச் சொன்னதும் போட்டது போட்டபடி வந்தாரு. வேற எவனாவது வருவானா? மழை விடட்டும்னு சொல்லியிருப்பான். இவரு உளியும் சுத்தியும் எடுத்தாந்து, கதவைக் கழட்டி, ஓரமெல்லாம் செதுக்கி, மறுபடி மாட்டினாரு. மத்தியானம் மணி அடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க உள்ள வந்துடுச்சு. அதை விடாம எழுதுங்க. அந்தப் பிள்ளைங்களுக்காக மழையில நனைஞ்சு வந்த மனுஷன்.

என்னது? முன்வாசல் பூட்டியிருந்துச்சான்னா கேட்கறீங்க? இல்லையே. திறந்துதான் இருந்துச்சு. நான் அது வழியாத்தானே ஓடினேன். ஏன் கேட்கறீங்க?

ம்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? காசியம்மா. அந்தப் பதினோரு பேர்ல அவ மட்டும் பாதியில வீட்டுக்குப் போயிட்டா. குளிர் ஜுரம் கண்டு படுத்தவ, அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரல. நல்லா படிக்கற பொண்ணு. வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சா வாத்தியாரே போதும்மான்னு சொல்ற வரைக்கும் சொல்லும். ஆடு மேய்க்கப் போயிடுச்சு. அதுக்கு எங்கப்பா என்ன பண்ணுவாரு? அவருதான் வந்துட்டாரே. அரை நாள் பொறுத்திருக்கலாம் இல்ல அவ?

அவ பொண்ணுதான் இவ. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊருக்கே ஹெட்மிஸ்ட்ரஸா வந்தா. வந்ததும் என்ன பண்ணியிருக்கணும்? கிணறு தூர் வாரியிருக்கலாம். ஓடு மாத்தியிருக்கலாம். வந்த முதல் மாசம் அந்த வாசலை அடைச்சா. காலனி ஆளுங்களே வந்து ஒரு ஞாயித்துக்கிழமையில கட்டி முடிச்சுட்டாங்களாம், காசியம்மா கலவை எடுத்துக் கொடுத்தாளாம். எழுபது வயசுக் கிழவி, கலவைப் பாண்டு தூக்கியிருக்கா. அப்படி என்ன அவசரம் அவளுக்கு?

எனக்கு எங்க மருமக வந்து சொன்னா. நான் விடல. பெத்தவங்க கூட்டம் போட்டப்ப நேராப் போயி, எல்லார் எதிர்லயும் கேட்டேன். எங்கப்பா வெச்ச வாசலை அடைக்க நீ யாருன்னு கேட்டேன். அவ எழுந்து நின்னா. உட்கார்ந்துக்கிட்டு பதில் சொல்லல. மரியாதை தெரிஞ்சவதான், அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

"ஐயா, அந்த வாசல் உங்களுக்கு வேணுமா?"

"வேணும்."

"சரிங்க ஐயா, திறந்து விட்டுடறேன். நாளையிலேருந்து நீங்க எல்லாம் அது வழியா வாங்க. நாங்க முன்வாசல்ல வந்துக்கறோம்."

கூட்டத்துல எவனோ சிரிச்சான். என் மருமகளே முந்தானையை எடுத்து வாயில வெச்சுக்கிட்டா. என் பேரன் எதிர்ல. எனக்கு இடுப்பு மடங்காது தம்பி, ஊருக்கே தெரியும். நாலரை அடி வாசல்ல நான் எப்படிப் போவேன்? தெரிஞ்சே சொல்றா. என்னைக் குனிய வெச்சுப் பார்க்கணும்னு சொல்றா. எழுதுங்க. ஒரு மனுஷனைக் குனிஞ்சு வான்னு சொல்றது என்ன மரியாதைன்னு கேட்டு எழுதுங்க. இது எந்த ஊரு நியாயம்னு கேட்டு எழுதுங்க. கலெக்டர் பதில் சொல்லட்டும்.

ஏன் தம்பி எழுதாம என்னையே பார்க்கறீங்க? எழுதுங்க.

கையா? அப்பா கையும் போயிருக்கும், அதான் சொன்னேனே. கண்ணால பார்த்தீங்களான்னா, பார்க்கல. கல்லு வரைக்கும் அடைச்சாங்களா, அதுக்கு மேலயும் பூசிட்டாங்களான்னு யாருக்குத் தெரியும். மேல கொஞ்சம் விட்டுட்டாங்கன்னு மருமக ஏதோ சொன்னா, நான் காதுல வாங்கல. அந்தச் சுவரைப் பார்க்கணும்னா காலனித் தெருவுக்குள்ள போயித்தான் பார்க்கணும். நான் எதுக்கு அங்க போறேன்?

கடைசியா எப்பப் பார்த்தேன்னு கேட்டா... அப்பா அழுத்தினாரே, அன்னைக்குப் பார்த்தது. அதுக்கப்புறம் போகல. போற சந்தர்ப்பம் வரல. எங்க வீட்டுலேருந்து இருநூறு அடி இருக்கும். பக்கந்தான். ஆனா போற வழக்கம் இல்ல.

சரி விடுங்க. டவுன் வந்துடும் போல, அரிசி மில் தாண்டிட்டோம். எழுதினதைப் படிங்க. உரக்கப் படிங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு கேட்பேன், அப்பத்தான் எனக்கு விளங்கும்.

ம்... ம்... பேரு சரி. ம்.

நிறுத்துங்க. அந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க. 'காலனிப் பிள்ளைகள் குனிந்து வரும்படி என் தகப்பனார் பின்பக்கமாக ஒரு வாசல் வைத்தார்.' நான் அப்படியா சொன்னேன்? சொன்னேன், சொன்னேன், இல்லைங்கல. ஆனா காதுல வேற மாதிரி விழுது. அந்தக் குனிந்துங்கறதை அடிச்சுடுங்க. ஆமா, மணியக்காரர் சிரிச்சதையும் அடிங்க. அப்பா சிரிச்சதை நல்லா அழுத்தி அடிங்க, தெரியவே கூடாது.

மேல படிங்க. 'பதினோரு பிள்ளைகள் மழையில் நின்றார்கள். திறந்திருந்த முன்வாசல் வழியாக நான் ஓடிப்போய்...' இதை ஏன் எழுதினீங்க? திறந்திருந்த வாசல்னு நானா சொன்னேன்? நீங்க கேட்டீங்க, அதுக்கு பதில் சொன்னேன். கேட்டதுக்குச் சொன்னதையெல்லாமா மனுவுல எழுதுவாங்க?

நான் சொல்ற மாதிரியே எழுதச் சொன்னது நான்தான். தெரியும்யா. எனக்கு நினைவு இருக்கு.

இருங்க. படிக்காதீங்க.

அம்பதடி தம்பி. பின்வாசல்லேருந்து சுத்தி வந்தா முன்வாசல் அம்பதடிதான். அந்தக் காலு எல்லாம் எனக்கு இப்பவும் தெரியுது, கதவு இடுக்குல. சேறு ஒட்டின காலு. வாத்தியாருக்குத் தோணல. எங்கப்பாவுக்குத் தோணல, அவரும் முன்வாசல் வழியாத்தானே வந்தாரு. அது வழியா வாங்கடான்னு எங்கள்ல ஒருத்தனுக்கும் தோணல. அந்தப் பிள்ளைங்களே கேட்கலயே. நின்னுச்சுங்களே. அடிங்க அதை. மழையை மொத்தமா அடிங்க. காசியம்மாவையும் அடிங்க.

அப்புறம் என்ன? இடுப்பு விஷயம். குனிய வெக்கறது என்ன மரியாதைன்னு கேட்டிருக்கேன் இல்ல. அதை... அதையும் அடிச்சுடுங்க. வேணாம். எங்க ஊரு கதை தெரிஞ்ச யாராவது படிச்சா சிரிப்பாங்க.

இப்ப என்ன மீதி இருக்கு, படிங்க. 'புளியரம்பட்டு கன்னியப்பன், தகப்பனார் தாண்டவக் கொத்தனார். பள்ளிக்கூடச் சுவரில் அவருடைய கை இருக்கிறது.' அவ்வளவுதானா? ஒன்றரை மணி நேரம் தொண்டை வத்தப் பேசினேன், இவ்வளவுதான் தேறுச்சா? நல்லா எழுதினீங்க போங்க. இந்தப் பேப்பரை நீட்டினா கலெக்டர் என்ன கேட்பாரு? சரி, கை இருக்கட்டும், அதுக்கு என்ன வேணும் உனக்குன்னு கேட்பாரு. நான் என்னன்னு சொல்றது?

கொடுங்க அதை. கசக்கல, மடிச்சுத்தான் வெக்கறேன்.

நீங்க இறங்குங்க, ஸ்டாண்டு வந்துடுச்சு. நான் இறங்கல. இதே பஸ்தானே திரும்பிப் போகுது? யப்பா கண்டக்டர், இது எங்க ஊர்ல காலனி ஸ்டாப்புல நிக்குமா? நிக்குமாம். எழுபத்து மூணு வயசுக்கு நான் அங்க இறங்கினதே இல்ல, எங்களுக்கு ஊர் ஸ்டாப்புதான்.

என்ன சிரிக்கறீங்க? அவகிட்ட போயி கையைக் கட்டிக்கிட்டு நிக்கப் போறேன்னு நினைச்சுக்காதீங்க. அந்தக் கை இருக்கா போயிடுச்சான்னு பார்க்கப் போறேன், அவ்வளவுதான். போயிருந்தா அவளை விட மாட்டேன். அடுத்த திங்கக்கிழமை இதே பஸ்ஸுல வருவேன். நீங்களும் வந்தீங்கன்னா பேனாவைக் கொண்டாங்க. வேற எவன்கிட்டயாவது கொடுத்தா நான் சொன்னதை அப்படியே எழுத மாட்டான்.